கும்பலுக்கு முகம் கிடைத்த கதை

ஓர் ஊரில் கலவரம் மூண்டால் 'கும்பல் வெறியாட்டம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் வழக்கம். கூட்டம் கூடினால் மனிதன் புத்தியிழப்பான் என்ற இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு: பாரிஸ்.

1871-இல் பாரிஸ் மக்கள் நகரைக் கைப்பற்றி, இரண்டு மாதத்துக்கு மேல் தாங்களே ஆண்டார்கள். அந்த 'கம்யூன்' ஆட்சியை அரசுப் படை ரத்தவெள்ளத்தில் முடித்தது. அதை நேரில் கண்டவர் மருத்துவம் படித்த குஸ்தாவ் லெ பான். கூட்டத்தில் சேர்ந்தவன் வசியப்பட்டவனைப் போல் நடப்பான் என்று 1895-இல் நூல் எழுதினார். நான்கு ஆண்டுகள் முன்பே இதைப் பற்றி எழுதியிருந்த இத்தாலியர் சிபியோ சிகேலே, தன் சரக்கைத் திருடிவிட்டதாகக் கொதித்தார். ஆனாலும் உலகம் சுற்றியது லெ பானின் நூல்தான். ஃபிராய்ட் அதிலிருந்து தொடங்கிக் கூட்ட உளவியல் எழுதினார். முசோலினி அதைப் புகழ்ந்தார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்று மட்டும் இவர்கள் தேடிப் பார்க்கவில்லை. 1932-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெஃபெவ்ர் வேறு பாதை பிடித்தார். கொள்ளையர் வருகிறார்கள் என்று 1789 கோடையில் பிரெஞ்சுக் கிராமங்களை உலுக்கிய வதந்தி எங்கே கிளம்பியது, எந்த வழியாக எந்த ஊரை எட்டியது என்று ஆவணங்களைக் கொண்டு தொடர்ந்து போனார்.

அவர் வழியில் வந்தவர் ஜார்ஜ் ரூடே. ஆஸ்லோவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்த கம்யூனிஸ்ட் வரலாற்றாசிரியர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கைதானவர்களைப் போலீஸ் விசாரித்து எழுதிவைத்த ஏடுகளைப் பாரிஸில் புரட்டினார். பாஸ்டில் சிறையை வீழ்த்தியவர்கள் என்று கௌரவிக்கப்பட்ட 662 பேரின் பட்டியலையும் ஆராய்ந்தார். தச்சர்கள், மேசை அலமாரி செய்பவர்கள், பூட்டுத் தொழிலாளர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுக்கும் ஒரு பெண். போக்கிரிகள் என்று ஏசப்பட்டவர்களில் பெரும்பாலோர் தொழில் தெரிந்த, வீடு வாசல் உள்ள மனிதர்கள். பிரிட்டனில் பல்கலைக்கழக வேலை கிடைக்காத ரூடே 1960-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் போக, கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்ற அவருடைய கேள்வியும் கப்பலேறியது.

1971-இல் ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். 1766-இல் இங்கிலாந்தின் ஹொனிட்டன் என்ற ஊரில் லேஸ் பின்னும் தொழிலாளர்கள் பண்ணைகளில் புகுந்து தானியத்தை எடுத்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோய்த் தாங்களே விற்றார்கள். பணத்தையும், காலிச் சாக்குகளையும்கூட, விவசாயிகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கொள்ளைக்காரன் சாக்கைத் திருப்பித் தருவானா? பஞ்ச காலத்தில் எது நியாய விலை என்று ஊருக்கே ஒரு கணக்கு இருந்தது என்றார் தாம்சன்.

அந்தக் கருத்தைப் பர்மா, வியட்நாம் வயல்களுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் கொண்டுபோனார். முதல் உலகப்போர்க் கால விலையேற்றத்தில் சென்னை மாகாணத்தில் 1918-இல் வெடித்த தானியக் கலவரங்களை வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட் ஆராய்ந்தார். வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா 1983-இல், கிளர்ச்சியை அடக்கிய அதிகாரிகளின் அறிக்கைகளையே எதிர்த்திசையில் வாசித்து, சந்தால்கள் முதலிய இந்தியக் குடியானவர்களின் எண்ணத்தைத் தேடிக் காட்டினார்.

போலீஸ் ஏட்டில் வளர்ந்த இந்தப் படிப்பு போலீஸிடமே திரும்பியது. 1980-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கலவரக்காரர்கள் போலீஸையும் வங்கியையும் தாக்கி, வீடுகளை விட்டுவைத்ததை ஸ்டீபன் ரைச்சர் என்ற உளவியலாளர் பதிவு செய்தார். கூட்டத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. போலீஸ் எல்லோரையும் ஒன்றாக அடித்தால் அமைதியாக இருப்பவரும் கலகக்காரர் பக்கம் சேர்வார். 2004-இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில், இந்த ஆய்வுவழி வந்த ஆலோசனையை ஏற்ற நகரப் போலீஸார் சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிப் பழகினார்கள். அவர்கள் பொறுப்பிலிருந்த இடங்களில் ஆங்கில ரசிகர்களால் பெரிய கலவரம் எழவில்லை.

தீவைத்தவனை இந்தப் படிப்பு மன்னிப்பதில்லை. யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எதைத் தொடவில்லை என்று கேட்கச் சொல்கிறது. அடுத்த கலவரத்தைத் தடுக்க நினைக்கும் அரசு முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.