எம்ஏஎல் என்று தொடங்கும் கார்

ஜெர்மனியில் ஓடும் பழைய ஹூண்டாய் ஐ10 ஒன்றின் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். ‘எம்ஏஎல்’ என்று தொடங்கினால் அது இருங்காட்டுக்கோட்டைப் பிள்ளை.

ஹூண்டாய் 1996இல் இங்கே காலூன்றியது. 1998இல் சான்ட்ரோ வந்தது. 2007 அக்டோபரில் அறிமுகமான ஐ10 ஐரோப்பாவுக்கும் சேர்த்தே இங்கு தயாரானது. சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து டிரெய்லரில் ஏறி சென்னைத் துறைமுகம். அங்கே ஓட்டுநர்கள் ஒவ்வொன்றாகக் கப்பலுக்குள் ஓட்டிப்போய், பக்கக் கண்ணாடியை மடக்கி, நெருக்கி நிறுத்தி, சக்கரத்தை வாரால் இழுத்துக் கட்டுவார்கள். பிறகு சூயஸ் வழியே பயணம்.

2009இல் ஜெர்மனி ஒரு திட்டம் போட்டது. ஒன்பது வருடம் தாண்டிய காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்குபவருக்கு 2,500 யூரோ. புதுக் கார் எந்த நாட்டில் பிறந்தது என்று அரசு கேட்கவில்லை. ஐ10க்கும் அந்தப் பணம் கிடைத்தது.

2013இல் ஐரோப்பாவுக்கான புதிய ஐ10இன் தயாரிப்பு துருக்கியின் இஸ்மித்துக்கு மாறியது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் ஏஎஃப்டி கட்சி தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் காரிடம் கேட்காத கேள்வியை அந்தக் கட்சி மனிதரிடம் கேட்டது. யூரோ கடன் மீட்பை எதிர்த்துக் கிளம்பிய கட்சி, 2015இல் அகதிகள் வந்தபின் குடியேற்ற எதிர்ப்பையே முழக்கமாக்கிக்கொண்டது. 2013இல் 4.7 சதவீத வாக்கு, 2017இல் 12.6, 2025இல் 20.8, நாடாளுமன்றத்தில் இரண்டாம் இடம். ஹங்கேரியிலோ, பிரதமராக இருந்து குடியேற்றத்தைத் தடுப்பேன் என்று முழங்கிய ஓர்பன், கொரிய பேட்டரி ஆலைகளை வருக வருக என்று வரவேற்றார்.

அந்தக் கேள்வி நம் சாலைக்கும் வந்துவிட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக, தொழிற்சாலை வேலையில் 75 சதவீதம் தமிழர்களுக்கு என்றது. மண்ணின் மைந்தர் உரிமை பேசும் நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் 8 சதவீத வாக்கைத் தாண்டியது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவ, பயந்து ரயிலேறியவர்கள் உண்டு.

தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பையன் கான்ட்ராக்ட் கூலியாகவே காலம் தள்ளுவது அநியாயம். அவன் கோபம் நியாயமானது. ஆனால் பக்கத்தில் அதே கான்ட்ராக்டில், அதே ஷிஃப்டில் நிற்கும் ஒடிசாப் பையன் அவன் வேலையைப் பறித்தவனல்ல. அவனுக்கும் நிரந்தரம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சங்கம் கட்டும் தோழர்கள் கேட்டில் கொடுக்கும் துண்டறிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடிக்க வேண்டும்.