பிரித்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரை

பதினைந்தாம் லூயி மன்னர் காலத்தில் பிரான்சின் தபால் துறைக்குள் ஓர் இரகசிய அறை இருந்தது. பிரெஞ்சில் அதற்குக் 'கபினே நுவார்' என்று பெயர்; கறுப்பு அறை என்று பொருள். சந்தேகத்துக்குரியவர்களின் கடிதங்களை அங்கே பிரித்துப் படித்து, பிரதி எடுத்து, முத்திரையைப் பழையபடி வைத்து அனுப்பிவிடுவார்கள். கடிதம் பெற்றவர் அரக்கைப் பார்த்து, யாரும் தொடவில்லை என்று நம்பிக்கொள்வார்.

நானும் அலுவலகத்தில் இரகசிய உறைகளுக்கு அரக்கு வைத்தவன்தான். அரக்கின் வேலை பூட்டுவதல்ல, பிரித்தால் காட்டிக்கொடுப்பது. அந்த அரக்கையே போலியாக வைக்க முடியும் என்றால் அப்புறம் என்ன காவல்?

இயந்திரம் வந்த பிறகும் இதே கதைதான். ஜெர்மானியர் தங்கள் எனிக்மா சங்கேத இயந்திரத்தை மலைபோல் நம்பினார்கள். 1931-இல் அவர்களுடைய சங்கேத அலுவலகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் திலோ ஷ்மிட் என்பவரே அதன் கையேடுகளைப் பிரெஞ்சு உளவுத்துறைக்கு விற்றார். அவை போலந்துக்குக் கைமாறின. 1932 இறுதியில் ரெயெவ்ஸ்கி என்ற கணித அறிஞர் இயந்திரத்தின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தார். போர்க்காலத்தில் பிரிட்டிஷார் ஏராளமான ஜெர்மன் செய்திகளைப் படித்தார்கள். இந்த விவரம் உலகுக்குப் பரவலாகத் தெரியவந்ததே 1970-களில்தான்.

ஒட்டுக்கேட்பவன் தடயமே விடாமல் போவதுதான் ஆபத்து. அதற்கு மருந்து, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சேர்ந்து பிறந்த இரு துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும், அவற்றை அளந்தால் முடிவுகள் ஒத்துப்போகும் என்கிறது குவாண்டம் கொள்கை. அப்படியானால் அந்தக் கொள்கை முழுமையானதல்ல என்று 1935-இல் ஐன்ஸ்டீனும் இரு சகாக்களும் வாதிட்டார்கள். 1964-இல் ஜான் பெல் இதைச் சோதிக்க வழி காட்டினார். 1982-இல் பாரிசுக்கு அருகே ஓர்சேயில் அலேன் ஆஸ்பெ (பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் ஒலிக்காது) குழுவினர் கால்சியம் அணுக்களிலிருந்து வந்த ஒளித்துகள் ஜோடிகளை அளந்தார்கள். முடிவுகள் முன்கூட்டியே துகள்களுக்குள் எழுதப்பட்டிருந்தால், பொருத்தத்தைக் காட்டும் எண் 2-ஐத் தாண்டக்கூடாது. கிடைத்ததோ ஏறக்குறைய 2.7. குவாண்டம் கொள்கையே வென்றது.

1984-இலேயே பென்னட், பிராசார் இருவரும் தனி ஒளித்துகள்களால் இரகசியச் சாவி அமைக்க ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பிணைந்த ஜோடிகளை அதற்குப் பயன்படுத்தலாம் என்று 1991-இல் எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஆர்தர் எக்கர்ட். ஜோடியில் ஒன்று இவரிடம், மற்றொன்று அவரிடம் போகும். அளந்த முடிவுகளில் சிலவற்றை இருவரும் வெளிப்படையாக ஒப்பிடுவார்கள். நடுவில் ஒருவன் தொட்டிருந்தால் அந்த எண் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். உடனே சாவியை எறிந்துவிடலாம். செய்தி இன்னும் புறப்படவே இல்லையே, நஷ்டமில்லை!

2016-இல் சீனா ஏவிய செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால், 1,120 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு தரைநிலையங்கள் இவ்வகைச் சாவியைப் பெற்ற செய்தி 2020-இல் வெளியானது. 2022-இல் ஆஸ்பெ, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்த முத்திரை காப்பது வழியை மட்டுமே. ஷ்மிட் போன்ற ஓர் ஊழியர் மேசையிலிருந்து கையேட்டை எடுத்து விற்றால், அதை எந்த ஒளித்துகளும் காட்டிக்கொடுக்காது.