ஐந்து வயதுக்குக் கீழே

உம்மா குவைத்துக்குப் போன 1986இல் எனக்கு மூன்று வயது. கைக்காப்பை அடகு வைத்துத்தான் சப்-ஏஜென்டுக்குக் காசு கட்டினார். கடிதம் எழுத அவருக்கு வராது. கசெட்டில் பேசி அனுப்புவார். லீவில் வரும் யாராவது அதை மூதூருக்குக் கொண்டுவருவார்கள். மூத்தம்மாவின் மடியில் இருந்து கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் நாங்கள் பேசி அனுப்புவோம். 1990 ஓகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்ததும் கசெட் நின்றுபோனது. ஜோர்தான் வழியாக உம்மா ஊர் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. குரலைக் கேட்ட பிறகுதான் அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு பெருகிய பயணம் இது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் இலங்கையிலிருந்து வேலைக்குப் புறப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். எங்கள் தெருவில் ஆண் போனால் ‘உழைக்கப் போயிருக்கார்’ என்பார்கள். பெண் போனால் ‘பிள்ளைகள விட்டுட்டுப் போயிட்டா’. பின்னாளில் அரசாங்கம் எழுதிய விதிகளிலும் அந்தத் தெருப்பேச்சுத்தான் எனக்குக் கேட்டது.

ரிசானா நபீக் எங்கள் மூதூர்ப் பிள்ளை. விறகு வெட்டிப் பிழைத்தவரின் மகள். பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் 1982. சுனாமி அடித்து ஐந்தாவது மாதம், 2005 மேயில், அந்தக் கடவுச்சீட்டோடு சவூதி போனாள். வீட்டு வேலைக்குப் போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தையையும் கொடுத்திருக்கிறார்கள். அதே மாதம் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றாள் அவள். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. சவூதிக்குப் போனபோது அவளுக்கு 17 வயது.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போகக் குறைந்தது 25 வயது, மற்ற மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என்றானது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றானது. கணவனின் சம்மதமும் வேண்டியிருந்தது. கைக்குழந்தையின் தகப்பன் கட்டாருக்குப் போகும்போது யாரும் அவரிடம் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்கவில்லை.

அந்தப் படிவத்தோடு வீடு வீடாகப் போனவள் நான். அப்போது எனக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. ஒரு நாள் இரவு உம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப நான் போயிருக்க ஏலாது, என்ன மகள்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்னைப் படிக்கவைத்தது அவர் அனுப்பிய காசு.

அப்படிப் போன வீடொன்றில் ஒரு தங்கச்சி. அவளுடைய பிள்ளைக்கு நான்கு வயது. புருஷன் விட்டுப் போய்விட்டான். நுண்கடன்காரர்கள் வாரம் தவறாமல் வாசலில் நின்றார்கள். பரிந்துரைக்க முடியாது என்று நான்தான் எழுதினேன். ஒரு வருடம் பொறுக்கச் சொன்னேன். யாரை நம்பிப் பொறுப்பாள்? இரண்டு மாதத்தில் அவள் ஓமானில் இருந்தாள், விசிட் விசாவில். சப்-ஏஜென்ட் அவளிடம் சல்லிக்காசு வாங்கவில்லை. அவன்தான் அவளுக்கு முற்பணம் கொடுத்திருந்தான். உம்மாவின் காலத்தில் போகிறவள் காசு கட்டினாள். இப்போது அவளுக்கே விலை இருந்தது, தடை கூடக் கூடத் தரகர்களின் வழியும் பெருகியது.

2022இல் நாடு டொலருக்குத் தவித்தபோது வயதெல்லையை எல்லா நாடுகளுக்கும் 21 ஆக்கினார்கள். அந்த வருடம்தான் ஓமானுக்குப் போனவள் என் மேசைக்கு வந்தாள். வலது கையில் முழங்கைவரை எண்ணெய் கொட்டிய தழும்பு. காப்புறுதி ஏதும் கிடைக்குமா என்று கேட்டாள். விண்ணப்பத்தில் அவளுடைய பெயரையும் முகவரியையும் நானே நிரப்பினேன். பணியகப் பதிவு இலக்கம் எழுத வேண்டிய இடத்தில் எழுத அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.