வேலை தப்பியது... ஆனா நிம்மதி இல்லை! 'லேஆஃப் சர்வைவர்' சிக்கல் என்றால் என்ன?

மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேர். கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேர். டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேர். ஆட்குறைப்புச் செய்திகளில் வெளியே போகிறவர்களின் கணக்கு வரும். மறுநாள் அதே ஆபீஸில் லாக்-இன் செய்பவர்களின் நிலை என்ன?

அது என்ன சிக்கல்?

முதலில் "நல்லவேளை, நாம தப்பிச்சோம்" என்ற நிம்மதி. அடுத்த நிமிடமே "அவரை அனுப்பிட்டு என்னை ஏன் வெச்சிருக்காங்க?" என்ற குற்ற உணர்வு. கூடவே "அடுத்த லிஸ்ட்ல நம்ம பேரோ?" என்ற பயம். இதைத்தான் 'சர்வைவர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். இது நோயின் பெயர் அல்ல. அமெரிக்க ஆலோசகர் டேவிட் நோயர் 1993-லேயே இதற்காகத் தனிப் புத்தகம் எழுதினார்.

வேலையில் மனசு ஒட்டாதது ஏன்?

ஆள்தான் குறைகிறார்கள், வேலை குறைவதில்லை. இரண்டு பேர் வேலை ஒருவர் தலையில் விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயல் பிராக்னரின் ஆய்வுகளின்படி, போனவர்கள் நியாயமாக நடத்தப்படவில்லை என்று நினைத்தால், இருப்பவர்களின் ஈடுபாடும் குறைகிறது. போனவர் நெருக்கமானவர் என்றால் பாதிப்பு இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

* போனவருக்கு போன் பண்ணுங்க: "என்ன பேசுறதுன்னு தெரியல" என்று தள்ளிப்போட வேண்டாம். "எப்படி இருக்கீங்க?" போதும். முடிந்தால் வேறு இடத்தில் ரெஃபர் செய்யலாம்.

* வேலையைப் பட்டியல் போடுங்க: "இதுல எதை முதல்ல முடிக்கணும்?" என்று மேனேஜருக்கு மெயிலில் கேளுங்கள். எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தால் வேலை நிலைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

* வதந்தியைக் குறைங்க: வாட்ஸ்அப் குரூப்பில் வரும் 'அடுத்த லிஸ்ட்' மெசேஜை ஃபார்வர்டு செய்யாதீர்கள். சந்தேகத்தை ஹெச்.ஆரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

* முன்கூட்டியே தயாராகுங்க: ரெஸ்யூமேவைப் புதுப்பியுங்கள். சில மாதச் செலவுக்குப் பணம் சேருங்கள், புது இ.எம்.ஐ. வேண்டாம். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். குடும்பத்துக்குத் தனி பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேனேஜர்கள் கவனத்துக்கு

போனவரின் பெயரையே எடுக்காமல் இருந்தால் பயம் கூடத்தான் செய்யும். டீமை உட்கார வைத்து, தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

தூக்கமின்மை, படபடப்பு இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.