முத்துத்துறையும் கொள்ளைநோயும்

தென்பாண்டி நாட்டிற்குத் தனிப்பெருமை தருவன பொதியில், பொருநை, முத்து என்னும் மூன்றுமாம். பொருநை கடலொடு கலக்கும் துறையிலே பண்டு கொற்கை சிறந்து விளங்கிற்று. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த எரித்திரையக் கடற்பயண நூல், பாண்டியர்க்குரிய அத்துறையில் தண்டனை பெற்றோரைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததெனக் குறிக்கின்றது. ஆறு கொணர்ந்த மணலால் கொற்கை தூர்ந்து கடலைவிட்டு விலகக் காயல் தலையெடுத்தது. அதுவும் தூர்ந்தபின், திருமந்திரநகர் எனப்படும் தூத்துக்குடி அவ்வாணிகத்திற்கு நிலைக்களனாயிற்று. முத்தின் பெருமையை எழுதினோர் பலர். அம்முத்தைத் தேடிக் கூடிய மக்களைத் தொடர்ந்து வந்த கொள்ளைநோயை நினைப்பாரோ மிகச் சிலர்.

மக்கட்குலத்தை வாரிக்கொண்ட நோய்களுள் தலையாயவை பெரியம்மை, பிளேக், காசம், மலேரியா, விஷக்காய்ச்சல், வாந்திபேதி என்பன. பெரியம்மை ஒன்றே 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 30 கோடி உயிர்களைக் கொண்டது என்பர். 1918ஆம் ஆண்டில் பரவிய விஷக்காய்ச்சலால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐரோப்பாவின் பெருங்கொள்ளைநோயாகிய பிளேக், 1347ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்திற்குக் கப்பலேறி வந்தது. சில ஆண்டுகளில் அக்கண்டத்து மக்களுள் மூவரில் ஒருவரையேனும் மாய்த்தது. அதனைக் கண்டஞ்சிய இரகூசா நகரத்தார் 1377ஆம் ஆண்டில், நோயுள்ள நாட்டிலிருந்து வருவோரை ஒரு திங்கள் புறத்தே நிறுத்திவைக்கும் முறையை வகுத்தனர். செல்வம் நுழையும் வாயிலே நோய் நுழையும் வாயிலுமாம் என்பதை அன்றே துறைமுக நகரத்தார் கற்றனர்.

இவ்வுண்மையைப் பாண்டி நாடும் தன் உடம்பிலேயே கற்றது. கூன்பாண்டியனுக்கு உற்ற வெப்புநோயைத் திருஞானசம்பந்தப் பெருமான் திருநீற்றால் தீர்த்தருளிய வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். அரசனுக்கு வந்த வெப்பைப் பாடினோர் உளர். ஆனால் 1809 முதல் 1811 முடிய மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொடுங்காய்ச்சலில் மாண்ட குடிமக்களின் பெயர்கள் எங்கும் இல. அதனை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர்களின் அறிக்கை ஒன்றே எஞ்சி நிற்கின்றது.

அந்நோய் தணிந்த சில ஆண்டுகளுக்குள் அதனினும் விரைந்து கொல்லும் நோயொன்று வந்தது. 1817ஆம் ஆண்டில் வங்காளத்து யசோர் நகரில் வாந்திபேதி பெருகி எழுந்து, படைகளோடும் வணிகரோடும் யாத்திரிகரோடும் வழிநடந்து, அடுத்த ஆண்டிலேயே தென்னாட்டை அடைந்தது. பின்னர்க் கடல் கடந்து இலங்கையிலும் பரவியது. காலையில் நலமாயிருந்தவன் மாலையில் சடலமாதலைக் கண்ட மக்கள் நடுங்கினர்.

முத்துக்குளிப்புக் காலமாகிய சலாபம் அந்நோய்க்கு ஏற்ற களமாயிற்று. சலாபம் கூறப்பட்டதும், ஆளரவமற்ற மணற்கரையில் சில நாட்களுக்குள் ஓலைக்குடிசைகளாலான ஊரொன்று எழும். பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முகம்மதியக் குளிகாரரும், வணிகரும், கடைகாரரும் ஆயிரக்கணக்கிற் கூடுவர். எடுத்த சிப்பிகளைக் குவித்துச் சதை அழுகும்வரை வைத்திருந்து, பின்னரே கழுவி முத்தெடுப்பது வழக்கம். அழுகிய சிப்பியின் நாற்றம் நெடுந்தொலைவு வீசும். ஈக்கள் மேகம்போல் மொய்க்கும். குடிநீரோ மணலில் தோண்டிய ஆழமில்லாத ஊற்றுக்களில் கிடைப்பது. கழிப்பிடம் இல்லாத கூட்டத்தின் மலம் ஒரு மழையிலேயே அவ்வூற்றிற் கலக்கும். வாந்திபேதி தோன்றவே சலாபத்தை இடையிற் கலைத்து மக்கள் ஓடியதும் உண்டு. ஓடியவர் தத்தம் ஊருக்கு நோயையும் உடன் கொண்டு சென்றனர்.

கடல் கடந்து கூலிக்குச் சென்ற தமிழர் பட்ட துயரும் ஈண்டு நினைக்கத்தக்கது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாகக் காட்டிடை நடந்து சென்றோருள் வாந்திபேதியால் வழியிலேயே வீழ்ந்தோர் எண்ணிலர். பிற்காலத்தே தூத்துக்குடிக்கு அணித்தாகிய தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் அமைத்து, நோயில்லையென்று தெளிந்தபின்பே அவர்களைக் கப்பலேற்றினர். தோட்டங்களை நோயினின்று காக்க எழுந்த முகாம்கள் அவை; வழியில் மாண்டவர்க்கு ஒரு நடுகல்லும் எழவில்லை.

இந்நோயின் மூலம் நீரிலே உள்ளது என்பதை 1854ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ ஒரு தெருக் குழாயின் வழியே காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியராகிய பாச்சினி அதன் கிருமியைக் கண்டார்; எனினும் உலகம் அதனை ஏற்றது, 1884ஆம் ஆண்டில் இராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து நிறுவிய பின்னரேயாம். அக்கிருமி குடலில் உமிழும் நஞ்சே உடலின் நீரை வடியச் செய்கிறது என்பதை 1959ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சம்புநாத் தே தெளிவித்தார். வடிந்த நீரையும் உப்பையும் மீட்டு நிரப்பின் உயிர் நிற்கும். 1971ஆம் ஆண்டு வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிசு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவினதாயிருந்த சாவு 4க்கும் கீழே இறங்கிற்று. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பணிசெய்வானையும் மருத்துவத்தின் உறுப்பாகத் திருவள்ளுவர் வைத்த நுட்பம் அம்முகாமில் விளங்கியது.

நோயைத் தீர்ப்பதினும் வாராமற் காப்பது மேலானது. கிணற்று உவர்நீரை நம்பியிருந்த தூத்துக்குடிக்கு, நகராட்சித் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து பெருமுயற்சி செய்து, வல்லநாட்டிலிருந்து பொருநை நீரைக் குழாய் வழியே கொணர்ந்தார். கொற்கையைத் தூர்த்த அதே ஆறு தூத்துக்குடியை வாழ்வித்தது. அவர் கொணர்ந்த நீரினும் சிறந்த முத்து இக்கரையில் எடுக்கப்பட்டதில்லை எனலாம்.

1961ஆம் ஆண்டோடு இக்கரையின் முத்துச் சலாபம் ஓய்ந்தது. பெரியம்மையும் உலகினின்று நீங்கியதாக 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. வாந்திபேதி மட்டும் ஓயவில்லை. முத்துக்குளிப்பு ஓய்ந்த அதே 1961இல் அதன் ஏழாம் உலகப் பரவல் இந்தோனேசியாவில் தொடங்கிற்று. 1992ஆம் ஆண்டில் அதன் புதிய வகையொன்று சென்னையிலே வெளிப்பட்டது. தூயநீர் இல்லாத இடங்களில் இன்றும் அது ஆண்டுதோறும் பல்லாயிரவரைக் கொல்கின்றது.

குடமுழுக்கு என்பது நீரை முதலாகக் கொண்ட விழா. புனிதநீர் நிறைந்த குடத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து, அந்நீரையே விமானத்திலும் மூர்த்தியிலும் பெய்கின்றோம். அந்நீர்த்துளி தம் தலையில் விழ வேண்டுமென்று ஆயிரவர் அண்ணாந்து நிற்கின்றனர். அவ்வாயிரவர்க்கும் தூயநீர் வழங்குதலும், திருக்குளத்தையும் ஆற்றையும் மாசுபடாது காத்தலும் அவ்வழிபாட்டின் உறுப்பேயாம். பெயரின்றி மாண்ட குளிகாரர்க்கும் கூலிகட்கும் இக்கரையினர் எடுக்கத்தக்க நடுகல்லும் அதுவே. பொருநை தூயதாய் ஓடுக. அதனை உண்போர் நோயின்றி நீடு வாழ்க.