தனித்தனி வீடுகளில் ஒரே பாட்டு

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை வட்டாரத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஒரே இடத்தில் ஒலிக்கும்; ஒருவர் முகம் பார்த்து மற்றவர் வாசிப்பார். தொடக்கக்கால ஒலிப்பதிவுக்கும் கலைஞர்கள் அப்படியே ஒன்றுகூட வேண்டியிருந்தது.

அந்தக் கட்டாயத்தைப் பல தடப் பதிவு தளர்த்தியது. 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிந்தது. வீடே ஸ்டுடியோவாக மாறத் தொடங்கியது. தமிழகத்தில் இதன் பெரும் திருப்பம் 1989. கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறம் ஏ.ஆர். ரகுமான் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அமைத்தார். கலைஞர்களைத் தனித்தனியே வாசிக்கவைத்து அடுக்கடுக்காகச் சேர்க்கும் அவரது முறைக்கு, 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ பரவலான வரவேற்பைப் பெற்றுத்தந்தது. சோதனை முயற்சிக்கு அந்த வீட்டு அறை தந்த சுதந்திரம் அளவிட முடியாதது.

அடுத்து, ஊர்விட்டு ஊர் கூட்டு. அமெரிக்காவின் ‘தி போஸ்டல் சர்வீஸ்’ இசைக்குழுவினர் பதிவுகளைத் தபாலில் பரிமாறி உருவாக்கிய ‘கிவ் அப்’ தொகுப்பு 2003இல் வெளிவந்தது. பின்னர் இணையம் தபாலின் இடத்தைப் பிடித்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இப்படி அனுப்பும் சுருக்கப்படாத ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட்.

நேரலையில் சேர்ந்து வாசிக்க, இணையத் தாமதம் இடையூறு. ஆகவே ஒருவர் தாளத் துடிப்போடு அடித்தடத்தை அனுப்புவார். மற்றவர் காதொலிப்பானில் அதைக் கேட்டபடி தன் பகுதியைப் பதிவார். எல்லாக் கோப்புகளும் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும்; இல்லையேல் தாளம் பிசகும். 2020 ஊரடங்கில் தொழில்முறைக் கலைஞர்களும் பரவலாக இம்முறையில் பதிந்தனர்.