ஜவ்வு விலகலுக்கு 8 மி.மீ. துளையில் ஆபரேஷன்... எண்டோஸ்கோப்பி சிகிச்சை யாருக்குத் தேவை?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். இடுப்பில் சுரீர் என்று கிளம்பும் வலி கால் விரல் வரை இறங்கினால், பத்துப் படிகூட ஏற முடியாது. தறியில் நாள் முழுக்க நிற்பவர்கள், சுமை தூக்குபவர்கள், தினமும் ரயிலில் சென்னை போய் வருபவர்கள் எனப் பலரும் சொல்லும் வார்த்தை, ‘ஜவ்வு விலகிடுச்சு’. இதற்குச் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன் பற்றி இங்கே பார்க்கலாம்.

ஜவ்வு விலகல் என்றால் என்ன?

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க். உள்ளே ஜெல்லி போன்ற பொருள், வெளியே கெட்டியான உறை. உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வந்து நரம்பை அழுத்தினால் கால் வலி, மரத்துப்போதல் வரும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இந்தப் பிரச்சினை.

எண்டோஸ்கோப்பியில் என்ன செய்வார்கள்?

பக்கவாட்டிலோ பின்புறமோ சுமார் 8 மி.மீ. அளவுக்கு வெட்டுவார்கள். எக்ஸ்ரே பார்த்தபடி மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் வழியே கேமராவை அனுப்புவார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் இடுக்கியால் எடுப்பார்கள். பக்கவாட்டு முறையில் பல நேரங்களில் முழு மயக்கம் தேவைப்படாது. பலர் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்பலாம்.

பழைய முறையைவிட நல்லதா?

நெதர்லாந்தில் 613 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு கால் வலி குறைவதில் எண்டோஸ்கோப்பி, திறந்த அறுவை சிகிச்சைக்குச் சளைத்ததல்ல என்றது அந்த ஆய்வு. அதற்காக இது மாயாஜாலம் இல்லை. எந்த முறையில் செய்தாலும் அதே இடத்தில் மறுபடி பிதுங்க வாய்ப்பு உண்டு. டாக்டரின் அனுபவமும் ரொம்ப முக்கியம்.

ஸ்கேனில் தெரிந்தாலே ஆபரேஷனா?

இல்லை. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1994-ல் வெளியானது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டும் உடம்பில் உள்ள அறிகுறியும் பொருந்த வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மருந்து, நடை, பிசியோதெரபியிலேயே 6 முதல் 12 வாரங்களில் வலி குறைந்துவிடும். அதன் பிறகும் கால் வலி வாட்டினால்தான் பொதுவாக ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

* சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ
* மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ
* பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனாலோ
* கால், பாதம் திடீரென வலுவிழந்தாலோ

உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். இந்த நேரத்தில் எண்ணெய் போட்டு நீவிவிடுவது, வைத்தியரிடம் ‘எலும்பைத் தட்டுவது’ வேண்டவே வேண்டாம்.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. எண்டோஸ்கோப்பி முறைக்கு அனுமதி கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். திருத்தணிக்காரர்கள் பலருக்குச் சென்னை போலவே திருப்பதியும் பக்கம்தான். ஆந்திராவில் சேருவதாக இருந்தால், தமிழக அட்டை அங்கே செல்லுமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

என் வலிக்கு இந்த டிஸ்க்தான் காரணமா? இன்னும் சில வாரம் பொறுத்தால் என்ன ஆகும்? இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.